மணலை விட்டுவிட்டுக் கல்லைப் பாருங்கள்: ஜெய்சல்மேர்

ஜெய்சல்மேர் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒட்டகச் சவாரி, மணல்மேடு, கூடாரம், ராத்திரி ஆட்டம்பாட்டம் என்று சொல்வார்கள். அந்த மணல்மேடு இருக்கிற சம் கிராமம் ஊருக்கு மேற்கே 40 கிலோமீட்டர். போகிற வழி முழுக்கக் கார் ஜன்னலுக்கு வெளியே ஓடுவது வேறு நிலம். மஞ்சளும் பழுப்புமாகத் தட்டையாகக் கிடக்கும் பாறை, கால் புதையாத சரளை, நடுநடுவே உச்சியைக் கத்தியால் சீவிவிட்டாற்போன்ற குன்றுகள். தார் பாலைவனம் என்றால் மணல் என்று மனதில் பதிந்துவிட்டதால் இதையெல்லாம் 'ஒன்றுமில்லாத இடம்' என்று கண் தள்ளிவிடுகிறது. உண்மையில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவன தேசியப் பூங்காவிலேயே மணல்மேடுகள் ஐந்தில் ஒரு பங்குதான்.

உள்ளூரில் கல்மேட்டுக்கு மக்ரா என்று பெயர், மணல்மேட்டுக்குத் தோரா. இரண்டும் வேறு வேறு பிழைப்பு. ஜெய்சல்மேர் மக்ராவில் பிறந்த ஊர். ஊர் ஏன் அங்கே வந்தது, எப்படிப் பணம் சேர்த்தது, இன்றைக்குக் கோட்டை ஏன் சரிகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்தக் கல்லில்தான் இருக்கிறது. இரண்டு நாள் கையில் இருந்தால் இதைக் கண்ணாலேயே படித்துவிடலாம். கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, அரை மூடி எலுமிச்சை போதும்.

அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது

ஜுராசிக் காலத்தில் இந்த நிலத்தை முதலில் ஆறுகளும் பிறகு ஆழமில்லாத கடலும் மூடியிருந்தன. ஆறு கொண்டுவந்த மணல் கீழே. கடல் சேர்த்த சுண்ணாம்பு மேலே. பின்னாளில் மொத்த அடுக்கும் வடமேற்காக இரண்டு மூன்று டிகிரி சாய்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டால் நிலம் முழுக்க ஒழுங்கு தெரியும்: தென்கிழக்கே போகப் போகப் பழைய பாறை, வடமேற்கே வர வர இளைய பாறை.

ஊருக்குத் தென்கிழக்கே 17 கிலோமீட்டரில், பார்மேர் சாலையில் இருக்கும் அகல் மரப் புதைபடிவப் பூங்கா பழைய பக்கம். லாத்தி அடுக்கு என்று நிலவியலாளர்கள் அழைக்கும் ஆற்று மணற்கல்லில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மிகப் பெரியது 13.4 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம். 1972 முதல் இது தேசிய நிலவியல் சின்னம். இரும்புக் கூண்டும் தகரக் கூரையும் போட்டு வைத்திருப்பதால் முதல் பார்வைக்கு ஏமாற்றமாக இருக்கும். கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மரத்தின் இழை ஓடும் திசையைப் பாருங்கள், ஏமாற்றம் போய்விடும்.

அங்கிருந்து ஊருக்குத் திரும்பும்போது கடல் அடுக்குக்கு ஏறுகிறீர்கள். இதற்கு ஜெய்சல்மேர் அடுக்கு என்று பெயர். அதன் உட்பிரிவுகளின் பெயர்களைக் கேட்டால் சுற்றுலா வழிகாட்டியைப் படிப்பதுபோல இருக்கும்: ஹமீரா, ஜோயன், ஃபோர்ட், படாபாக், குல்தார். ஃபோர்ட் என்பது கோட்டைக்குன்றின் கல். படாபாக் ராஜாக்களின் நினைவு மண்டபங்கள் இருக்கும் இடம். குல்தார் என்பது ஆளில்லாமல் போன குல்தாரா கிராமத்தருகே ஆற்றங்கரையில் தெரியும் அடுக்கு. ஆட்டோக்காரர் சொல்கிற அதே பட்டியல்தான், அவர் வேறு வரிசையில் சொல்வார். 2023இல் அறிவிக்கப்பட்ட தாரோசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் எலும்புகளும் இந்தக் கடல் அடுக்கில் கிடைத்தவைதான். வயது 16.7 கோடி ஆண்டு.

சாய்வை நீங்களே அளக்கலாம். தண்ணீர் பாட்டிலைப் பாதி காலி செய்து படுக்கவைத்து, கண்மட்டத்தில் பிடித்து, பாறையின் பக்கவாட்டில் ஓடும் கோட்டோடு ஒப்பிடுங்கள். பாட்டிலுக்குள் தண்ணீர் காட்டுவது சரியான மட்டம். பாறைக்கோடு அதிலிருந்து லேசாக விலகும். 2 டிகிரி என்றால் 100 மீட்டருக்கு மூன்றரை மீட்டர் இறக்கம். 3 டிகிரி என்றால் ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடுக்கு சாயும் திசைக்குக் குறுக்கே நின்று பார்க்க வேண்டும், அதாவது வடகிழக்கையோ தென்மேற்கையோ நோக்கி. சாயும் திசையை நேராகப் பார்த்து நின்றால் எந்த அடுக்கும் மட்டமாகவே தெரியும். 'சாய்வே இல்லையே' என்று முடிவு கட்டிவிடுவோம்.

மேசை, முக்காலி, சரிந்த மேசை

நம் பாடப்புத்தகத்தில் மேசா, பியூட் என்று இரண்டு சொல்லைப் படித்து மறந்திருப்போம். உச்சி தட்டையாக, அகலம் உயரத்தைவிட அதிகமாக இருந்தால் மேசா. அதுவே நாலா பக்கமும் தின்னப்பட்டு ஒல்லியாகிவிட்டால் பியூட். ஜெய்சல்மேர்ப் பக்கம் இந்த இரண்டையும்விட அதிகமாகக் கண்ணில் படுவது மூன்றாவது ஒன்று: ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிவிட்டது போலவும் மறுபக்கம் மெதுவாகச் சரிந்தும் இருக்கும் நீண்ட மேடு. கியூஸ்டா என்பது அதன் பெயர். அடுக்கு வடமேற்காகச் சாய்வதால் செங்குத்து முகம் தென்கிழக்கைப் பார்க்கும், முதுகு வடமேற்கே சரியும். ஒரு கால் உடைந்த மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது. தென்கிழக்கு நோக்கிய முகத்தில் காலை வெயில்தான் விழும். ஜோத்பூர், பொக்ரான் பக்கமிருந்து வருபவர்கள் காலையில் வந்தால் மேடுகள் ஒவ்வொன்றாக எதிரே எழுந்து நிற்பது தெரியும். தயாத் கிராமத்தருகே இருக்கும் செங்குத்து அப்படி ஒன்று. மதியத்துக்கு மேல் அதே முகம் நிழலில் தட்டையாகிவிடும், படமும் வராது. ஊரிலிருந்து சம் பக்கம் போகும்போது அந்த முதுகின் மேலேயே போவதால் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதே உறைக்காது.

தட்டை உச்சி எப்படி நிலைக்கிறது? மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல் ஒரு மூடி. அதற்குக் கீழே களிமண்ணும் உதிரும் மணற்கல்லும் கலந்த நொய்ந்த அடுக்கு. மழைநீரும் காற்றும் முதலில் அரிப்பது கீழ் அடுக்கை. அது உள்ளே குடைந்துபோக, மூடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வெடிப்பின் வழியே பெட்டி பெட்டியாக உடைந்து விழும். குன்று உயரத்தில் குறைவதில்லை, ஓரத்தில் பின்வாங்குகிறது. எந்தக் குன்றின் அடியிலும் போய்ப் பாருங்கள்: விழுந்த கற்கள் சதுரமும் செவ்வகமுமாகவே இருக்கும். மேலே வெடிப்பு எந்த இடைவெளியில் இருக்கிறதோ, கீழே கல்லும் அந்த அளவுதான். விளிம்பில் நின்று படம் எடுக்கும் ஆசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் நிற்கும் பலகைக்கு அடியில் பெரும்பாலும் வெற்றிடம். உங்களுக்குப் பின்னால் ஒரு வெடிப்பு விளிம்புக்கு இணையாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் அதற்கு இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

மொத்தமும் வறட்சியை நம்பி நிற்கிற அமைப்பு. ஊரின் ஆண்டு மழை 160 மில்லிமீட்டர் அளவில்தான். அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். வருடத்தில் சில நாள் நனைந்து, மீதி நாள் காய்ந்து கிடக்கும் வரை நொய்ந்த அடுக்கு தாங்கும். இதைக் கோட்டைக்குப் போகும்போது மறந்துவிடக் கூடாது.

ஒரு நாள் நடைத் தொலைவில் தெரியும் குன்று

கோட்டை நிற்பது திரிகூடக் குன்று. முக்கோண வடிவம், சுமார் 460 மீட்டர் நீளம், 230 மீட்டர் அகலம், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 76 மீட்டர் உயரம். உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. கையை முழுதாக நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. குன்றின் அடி முதல் உச்சி வரை ஒரு முஷ்டிக்குள் சரியாக அடங்கும் இடத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டு, அங்கிருந்து உச்சிக்கு நேர்க்கீழே உள்ள இடம் வரை கைப்பேசி வரைபடத்தில் தூரத்தை அளந்தால் 430 மீட்டர் சுமாருக்கு வரும். தூரத்தை 0.176ஆல் பெருக்குங்கள், உயரம் கிடைத்துவிடும்.

76 மீட்டர் என்பது நம் கண்ணுக்குப் பெரிய மலையில்லை. ஆனால் சுற்றிலும் தடையே இல்லாத நிலத்தில் 76 மீட்டர் உயரத்தின் உச்சி 30 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தொடுவானத்துக்கு மேல் தெரியும். சுமை ஏற்றிய ஒட்டக வரிசை ஒரு நாளில் நடக்கும் தூரமும் ஏறக்குறைய அதுவே. தூசி இல்லாத காலையில் புறப்படும் வணிகனுக்குச் சாயங்காலம் எங்கே போய்ச் சேருவோம் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். கோட்டைக்குள் இருப்பவனுக்கும் யார் வருகிறார்கள் என்பது ஒரு நாள் முன்பே தெரியும்.

இதற்கு முன் பாட்டி ராஜபுத்திரர்களின் தலைநகரம் (நம் பாட்டி இல்லை, குலப்பெயர்) 15 கிலோமீட்டர் வடமேற்கே, காக் ஆற்றங்கரையில் இருந்த லோதுர்வா. தண்ணீர் உண்டு, வாணிபம் உண்டு, மறைப்பு மட்டும் இல்லை. படையெடுப்புகளில் அடி வாங்கிய பிறகு ராவல் ஜெய்சல் 1156இல் இந்தக் குன்றுக்கு மாறினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. லோதுர்வாவையும் கோட்டையையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. அங்கே இப்போது சமண ஆலயம் மட்டும் தனியாக நிற்கிறது; வெளியே வந்து சுற்றிலும் ஒருமுறை பார்த்தால், ஊரை ஏன் மாற்றினார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வணிகக் கணக்கைப் பார்ப்போம். ஜெய்சல்மேரிலிருந்து சிந்து நதிக்கரையில் உள்ள ரோஹ்ரி நேர்க்கோட்டில் 215 கிலோமீட்டர் சுமார். இந்தப் பக்கம் ஜோத்பூர் 220. ஒட்டகத்துக்கு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்றால் இரண்டு பக்கமும் ஏழெட்டு நாள். நட்ட நடுவில் தண்ணீரும் மதிலும் உள்ள ஒரே பெரிய ஊர். வரி போட இதைவிட நல்ல இடம் ஏது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த நடுப்புள்ளிக்கு இன்னொரு யோகம் அடித்தது. பம்பாயில் ஆங்கிலக் கம்பெனியின் கெடுபிடியைத் தவிர்க்க மத்திய இந்தியாவின் மால்வாப் பகுதி அபினி, பாலி என்ற ஊர், ஜெய்சல்மேர் வழியாகக் கராச்சிக்குப் போனது. பட்வா என்ற வணிகக் குடும்பத்தின் ஐந்து ஹவேலிகளில் (மாளிகைகளில்) முதலாவதைக் குமான் சந்த் பட்வா 1805இல் தொடங்கினார். அந்தக் கல் சரிகையைப் பார்க்கும்போது பட்வாக்களின் ஜரிகை வியாபாரத்தோடு அபினியும் நினைவில் இருக்கட்டும். 1843இல் ஆங்கிலேயர் சிந்துவைப் பிடித்ததும் சுற்றுவழிக்குத் தேவை போயிற்று. பிறகு பம்பாய்த் துறைமுகமும் ரயிலும் சரக்கை இழுத்துக்கொண்டன. 1947இல் எல்லைக்கோடு விழுந்தபோது மிச்சமிருந்த மேற்கு வழியும் அடைபட்டது. பெரிய பட்டணமாக வளர்ந்து பழசை இடித்துக் கட்ட ஊரில் பணம் இல்லாமல் போனதால்தான் நாம் பார்க்க இவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது என் கணிப்பு.

கல் தரும் தண்ணீர்

பாலைவனத்தில் மணலைவிடப் பாறை லாபம். மணலில் பெய்த மழை உறிஞ்சப்பட்டுவிடும். பாறையில் பெய்தது ஓடும், ஓடுவதைப் பிடிக்கலாம். ஊருக்குத் தென்கிழக்கே உள்ள கடீசர் ஏரியைப் படகு விடும் இடமாக மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி என்ற அரசர் சீரமைத்த இந்த ஏரிதான் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஊருக்கே குடிநீர். நம் ஏரிப் பாசனச் சொற்களை அப்படியே அங்கே பொருத்தலாம்: நீர்ப்பிடிப்பு நிலம் அவர்களுக்கு ஆகோர், கரை பால், மிஞ்சிய தண்ணீர் வழியும் கலிங்கு நேஷ்டா. இதில் ஆகோர்தான் உயிர். கரையை எத்தனை அழகாகக் கட்டினாலும், மழை விழுந்து ஓடிவரும் பாறைவெளியில் வீடோ சாலையோ குப்பையோ வந்தால் ஏரி செத்தது. இப்போது கடீசருக்கு இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீரும் விடப்படுகிறது. எப்போதும் நிறைந்திருப்பதைப் பார்த்து 'அந்தக் காலத்து அறிவு' என்று வியப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட நுட்பமானது கடீன். பாலிவால் பிராமணர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் வேளாண் முறை. கல்மேட்டுச் சரிவின் அடியில், தண்ணீர் தானாக வந்து தேங்கும் பள்ளத்துக்குக் குறுக்கே 100 முதல் 300 மீட்டர் நீளத்துக்கு மண்கரை போடுவார்கள். மழைக்காலத்தில் அது ஏரி. தண்ணீர் ஊறி, மிச்சத்தை மதகு வழியே திறந்துவிட்டதும் அதே இடம் வயல். கார்த்திகை வாக்கில் அந்த ஈரத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைத்தால், பிறகு ஒரு சொட்டுப் பாய்ச்ச வேண்டாம்.

கணக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? வயல் ஒரு பங்கு என்றால் நீர்ப்பிடிப்பு 15 பங்கு. 160 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒன்று ஓடிவருகிறது என்று வைத்துக்கொண்டால் 32 மில்லிமீட்டர். அதை 15ஆல் பெருக்கினால் 480. வயலில் நேராக விழுந்த 160ஐச் சேர்த்தால் 640. கோதுமைக்கு ஒரு பருவத்துக்கு 450 மில்லிமீட்டரிலிருந்து தேவைப்படும். ஆவியாவது கழிந்தாலும் ஓரளவு தேறும். மழை பாதியாகப் பொய்த்தால் விளைச்சலும் பாதியாகும் என்று நினைத்துவிடக் கூடாது; முதலில் பாறையை நனைப்பதற்கே கொஞ்சம் செலவாகிவிடுவதால், ஓடிவரும் தண்ணீர் பாதியைவிடக் கீழே போய்விடும். கடீன் கெடுவதும் சில வழிகளில்தான். கலிங்கு மண் மூடிப்போய்க் கரை உடையும். மதகைத் திறக்காமல் தண்ணீரை வயலிலேயே காயவிட்டால் உப்பு மேலே வந்து நிற்கும். திறந்துவிடும் தண்ணீர்தான் உப்பைக் கழுவுகிறது. மேட்டில் கல் குவாரிக் கழிவைக் கொட்டினால் ஓட்டம் திசை மாறிப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போய்விடும்.

குல்தாரா போகிறவர்கள் ஒரே இரவில் ஊரே காலி, சாபம், பேய் என்ற கதையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஊரைக் கட்டிய பாலிவால்கள் கடீனில் கைதேர்ந்தவர்கள். காக் ஆற்றுப்படுகை பக்கத்திலேயே இருக்கிறது. பேயைத் தேடும் நேரத்தில் படுகைக்கு இறங்கினால் பழங்கடலின் சிப்பிகளும் நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட்டுகளும் இருக்கும் அடுக்கைப் பார்க்கலாம். எதையும் எடுத்துப் பைக்குள் போடாதீர்கள். இடத்தை விட்டுப் பிரித்த படிவம் எந்த அடுக்குக்குரியது என்று தெரியாமல் போய்விடும். அப்புறம் அது வெறும் கல்.

மணல் பகுதியிலும் தண்ணீர் பிடிக்கிறார்கள், அது வேறு வித்தை. மணலுக்குக் கீழே சில இடங்களில் ஜிப்சம் அடுக்கு தகடுபோல ஓடும். மழை மணலுக்குள் இறங்கி அதன்மேல் ஈரமாகத் தங்கும். அதைக் குயி என்ற மிகக் குறுகலான கிணறு தோண்டி ஊறவைத்து எடுப்பார்கள். மேலே ஓடுவது பாலர் பானி, ஆழத்தில் இருப்பது பாதாள் பானி, நடுவில் ஊறுவது ரெஜானி பானி. இதே ஜிப்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2006 ஆகஸ்டில் பக்கத்து பார்மேர் மாவட்டத்தில் பெருமழை கொட்டியபோது கவாஸ் கிராமத்தில் வெள்ளம் மாதக்கணக்கில் வடியவே இல்லை; கீழே போகத் தகடு விடவில்லை.

கோட்டையை இடிப்பது எது

அகாய் போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாசல்கள் ('போல்' என்றாலே வாசல்) தாண்டி ஏறினால் தசரா சௌக். பதினைந்து நிமிட ஏற்றம். பாதை வேண்டுமென்றே வளைத்து விடப்பட்டது, யானையோ படையோ வேகம் எடுக்க முடியாமல். கல்தளம் பல நூற்றாண்டு மிதியில் வழவழப்பாகிவிட்டதால் தோல் செருப்பு வழுக்கும், ரப்பர் அடி உள்ளது நல்லது. 99 கொத்தளங்களில் 92, 1633க்கும் 1647க்கும் இடையில் எழுந்தவை. உள்ளே சுமார் 3,000 பேர் இன்னும் குடியிருக்கிறார்கள். 2013இல் ராஜஸ்தான் மலைக்கோட்டைகளில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கட்டடங்களைப் பாருங்கள்: பல இடங்களில் சாந்தே இல்லை. கல்லில் பள்ளமும் மேடும் செதுக்கி ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். பழைய கூரை மர உத்தரம், அதன்மேல் நாணல், அதன்மேல் கனமான மண். வெயிலைத் தடுக்க இதற்கு இணை கிடையாது. ஆனால் காயாத ஈரம் ஏறினால் மண் கனக்கும், உத்தரம் உளுக்கும். மழைநீர் சட்டென்று வெளியேற 'கூட் நாலி' என்ற வடிகால் அமைப்பு இருந்தது. அது மழைக்கானது, எப்போதோ வருகிற விருந்தாளிக்கானது. குழாய்த் தண்ணீர் தினமும் வருகிற ஆள்.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். குன்றின் உச்சியை முக்கோணமாக எடுத்துக்கொண்டால் பரப்பு 53,000 சதுர மீட்டர் சுமார். 160 மில்லிமீட்டர் மழை என்றால் வருடம் முழுக்க விழுவது 8,500 கனமீட்டர். இப்போது 3,000 பேருக்கு, நகரங்களுக்கு வழக்கமாக வைக்கும் அளவான ஆளுக்கு 135 லிட்டர் என்று பார்த்தால் நாளைக்கு 405 கனமீட்டர், வருடத்துக்கு 1,48,000. மழையைப்போலப் பதினேழு மடங்கு! அவ்வளவு செலவழிக்கவில்லை, பாதிதான் என்றாலும் எட்டு மடங்குக்கு மேல். குழாய் இணைப்பிலும் சாக்கடையிலும் எட்டில் ஒரு பங்கு ஒழுகினாலே வருடம் முழுக்கப் பெய்யும் மழையை அது மிஞ்சிவிடும். மழையில் பெரும்பகுதி ஓடியும் ஆவியாகியும் போய்விடும். ஒழுகுவது முழுக்கத் தரைக்குள் போகும். வெயில் படாத இடத்தில், நாள் தவறாமல்.

அது போய்ச் சேரும் இடம் மூடிக்கல்லின் வெடிப்பு, அங்கிருந்து களி. ஈரம் ஏறிய களி உப்பும், காய்ந்தால் சுருங்கும், சரிவின் பாரத்தில் வழுக்கும். மேலே மதில். 1990களில் கொத்தளங்கள் சரிந்ததற்கு எதிரியின் பீரங்கி காரணமில்லை. குன்றைச் சுற்றி ஓடும் சாலையில் ஒருமுறை நடந்து வாருங்கள், அரை மணி நேரம் ஆகும். அடிச்சுவரில் உப்புப் பூத்த வெள்ளைத் திட்டு, கோடையிலும் பசுமையாக நிற்கும் செடி, வெளியே பிதுங்கிய கல்வரிசை கண்ணில் பட்டால் அதற்கு நேர் மேலே ஒரு குளியலறையைத் தேடலாம்.

எனவே தங்குவதைக் கீழே ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். மதிலுக்கு வெளியே, கோட்டை தெரிகிற மொட்டைமாடியோடு அறைகள் நிறைய உண்டு. மேலே சாப்பிடலாம், பொருள் வாங்கலாம், குடியிருப்பவர்களுக்கு வருமானம் அப்படியும் போகும். மேலேதான் தங்குவேன் என்றால் வாளியில் குளியுங்கள், ஒழுகும் குழாயைக் கண்டால் அப்போதே சொல்லுங்கள்.

எலுமிச்சைச் சோதனை

மஞ்சள் மணற்கல் என்று வழிகாட்டி சொல்வார், பெயர்ப் பலகையும் சொல்லும். ஊருக்கு வெளியே கல் அறுக்கும் பட்டறைகளில் குப்பையாகக் கொட்டிய சில்லு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தூசியை ஊதிவிட்டு, கத்தியால் லேசாகக் கீறி, கீறிய பொடிமேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். காதருகே வைத்தால் மெல்லிய சரசரப்பு, கண்ணாடி வைத்துப் பார்த்தால் குமிழி. சுண்ணாம்புக்கல். மணல் கலந்திருந்தால் மெதுவாகப் பொங்கும், சுத்த மணற்கல் சும்மா இருக்கும். கோட்டைச் சுவரிலோ ஹவேலியிலோ இதைச் செய்யக் கூடாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதே கண்ணாடியில் சில்லைப் பார்த்தால் கசகசா அளவு உருண்டைகளும் சிப்பி நறுக்குகளும் தெரியலாம். மஞ்சள் நிறம் இரும்புத் துரு கொடுத்தது.

இந்தக் கல் 'ஜெய்சல்மேர் யெல்லோ' என்று நம்மூர்க் கடைகளுக்கும் தரைக்கல்லாக வருகிறது. பதித்தவர்கள் செய்யும் ஒரே பெரிய தவறு ஆசிட் போட்டுக் கழுவுவது. சிமென்ட் கறை போக மேஸ்திரி ஊற்றும் ஆசிட்டும், குளியலறை கிளீனரும், சமையலறையில் சிந்தும் புளித்தண்ணீரும் பளபளப்பைத் தின்றுவிடும்; எலுமிச்சை செய்ததை அவையும் செய்யும். சோப்பு கலக்காத தண்ணீர், மிஞ்சினால் காரமோ அமிலமோ இல்லாத திரவம். பதித்தவுடன் சீலர் அடித்துவிட்டால் எண்ணெய்க் கறை இறங்காது. குளியலறைக்கு இந்தக் கல் வேண்டாம்.

இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை போகலாம். மே மாதத்தில் 42 டிகிரி சாதாரணம், பாறை அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குளிர்காலக் காலை 8 டிகிரிக்கு இறங்கும், ஸ்வெட்டர் தேவை. நடக்கும் நாளில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர்.

முதல் நாள் விடிகாலை கடீசர் கரை. கிழக்கு வெயில் கோட்டை முகத்தில் விழும். அப்படியே அகல். பத்து மணிக்குள் முடித்துத் திரும்பும் வழியில் செங்குத்து முகங்கள். மதியம் ஹவேலிகள், சந்து நிழலாக இருக்கும். மூன்று மணிக்கு மேல் கோட்டை ஏறுங்கள். சமண ஆலயங்கள் பெரும்பாலும் காலை வேளைக்குரியவை என்பதால் அவற்றை மறுநாள் காலைக்கு வையுங்கள். இரண்டாம் நாள் அதன்பின் படாபாக், லோதுர்வா, குல்தாரா. படாபாகில் மண்டபங்களுக்குப் பின்னால் காற்றாலைகள் வரிசையாக நிற்கும். மறைப்பில்லாத மேடு காற்றுக்கும் வசதி. படம் எடுப்பவர்கள் அவற்றைச் சட்டத்திலிருந்து விலக்கப் படாத பாடு படுவார்கள், விலக்கத் தேவையில்லை.

எல்லைப் பக்கம் வண்டியை விட்டுக் கண்ட தடத்தில் இறங்காதீர்கள். அனுமதி தேவைப்படும் கிராமங்கள் உண்டு, ராணுவ இடங்களைப் படம் எடுத்தால் பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டாம் நாள் மாலை ஐந்தரைக்கு ஊருக்கு வடமேற்கே உள்ள வியாஸ் சத்ரி என்ற நினைவு மண்டபங்களுக்கு வந்துவிடுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், கோட்டை எதிரே. அங்கே நின்று ஒருமுறை முஷ்டியை நீட்டிக் குன்றை அளந்து பாருங்கள். முதல் நாள் அளந்த இடத்தைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பது கையிலேயே தெரியும்.